யாருடைய நாய், யார் அள்ளுவது?

பல்கலைக்கழக விடுமுறையில் நாங்கள் நாலு பேர் கற்பிட்டிப் பக்கம் போயிருந்தோம். கண்டக்குழிக் கரையில், வாடிகளுக்கு முன்னால வலையை விரிச்சுக் கருவாடு காயப்போட்டிருந்தார் ஒரு அம்மா. ஒரு செம்மறை நாய் நிதானமா நடந்து வந்து, வலைக்கு இரண்டு முழம் தள்ளிக் குந்தி, வேலையை முடிச்சுப்போட்டு, திரும்பியும் பார்க்காமல் போனது. அந்த அம்மா ஒரு சிரட்டையை எடுத்தார், மண்ணோடு சேர்த்து அள்ளினார், தூரக் கொண்டுபோய்ப் புதைச்சார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் இப்படி என்று கேட்டதுக்குச் சிரிச்சார். உங்கட நாயா என்று கேட்டதுக்கு, இல்லையாம். போன பருவம் மீன்பிடிக்க வந்து வாடி போட்டிருந்தவர்கள் வளர்த்த நாயாம். பருவம் முடிஞ்சது, அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாய் நிண்டுட்டுது.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், காற்றாடிச் சறுக்கு விளையாட வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் தன் நாயைக் கயிற்றில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். அது இருந்ததும், பொக்கற்றுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து, கையை உள்ளே விட்டு அள்ளி, முடிச்சுப் போட்டு, எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் சிரிச்சோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாக்குவாதம். ‘இதெல்லாம் வெள்ளைக்காரப் பிரச்சினை’ என்றான் ஒருவன். ‘தொழுகைக்குப் போற வழியில கிடந்தா அது என்ர பிரச்சினை’ என்றாள் இன்னொருத்தி. அந்த வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாயை எங்களுக்கு மதிக்கத் தெரியாது என்று சொன்னால் அது பொய். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு சேர்த்து அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து, எசமானுக்குப் பக்கத்தில் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். 1,400 வருசத்துக்கு முன்னம் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஆட்கள் நாங்கள்.

எங்கட கரைக்கே வருவோம். உடப்பில் ஆடி மாதம் திரௌபதை அம்மன் திருவிழா நடக்கும், கடைசியில் தீமிதிப்பு. பதினெட்டு நாளும் ஊர் முழுக்கப் பாரதம்தான். அந்தப் பாரதத்தின் முடிவில், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு ஏற மாட்டேன் என்று நிற்பவர் தருமர். உடையவர் என்றால் யார் என்று கேட்டால் எங்களுக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது. நாயைத் தன் காவலுக்கு மட்டும் வைத்திருப்பவர் அல்ல, பயணம் முடியும்வரை அதற்குப் பொறுப்பாக நிற்பவர்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இது வேறு மாதிரி. ஷாஃபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். வயலுக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைத்திருக்க அனுமதி உண்டு. தாகத்தில் கிடந்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததால் பாவம் மன்னிக்கப்பட்ட கதையை மத்ரசாவுக்குப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆக, நாய் மீது வெறுப்பு அல்ல அது, சுத்தத்தின் மீது ஒரு ஒழுங்கு. பள்ளிவாசலுக்குப் போகிற ஒழுங்கையில் யாரோ ஒருவருடைய நாய் இருந்துவிட்டுப் போனால், மற்றவருக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற விஷயம். தொழப் போகிறவருக்கு அது வீட்டுக்குத் திரும்பிப் போய் உடுப்பு மாற்றுகிற விஷயம். இந்துவும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் பௌத்தரும் ஒரே மணலில் நடக்கிற கரை இது. ‘நாய்தானே’ என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சொல் எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது.

இனி ஆட்சிக்கு வருவோம். ஆங்கிலேயருக்கு நாய் என்றால் இரண்டு வகை: கயிற்றில் இருப்பது, சுடவேண்டியது. பம்பாயில் 1832 ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்லப் பொலிசாருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது அரசாங்கம். அவர்கள் வீட்டு நாய்களையும் சேர்த்து அடிக்க, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். கடைகள் பூட்டப்பட்டன, படை வரவழைக்கப்பட்டது. இந்திய நகரங்களின் கலவர வரலாற்றில் நாய்க்காக நடந்த கலவரமும் ஒன்று இருக்கிறது!

இலங்கையில் 1893இல் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம். இரண்டுமே இன்றுவரை சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. முதலாவது கடியைப் பற்றியது, இரண்டாவது பதிவைப் பற்றியது. உடையவர் வருடா வருடம் நாயைப் பதிய வேண்டும், பதியாத நாயைப் பிடிக்கலாம், அழிக்கலாம். இங்கே கவனியுங்கள். உடையவர் தன் கடமையைச் செய்யாவிட்டால் உயிரை விடுவது நாய். அதோடு, நாய் கடித்தால் அரசுக்கு அது விஷயம். நாய் இருந்துவிட்டுப் போனால் அது யாருடைய விஷயமும் இல்லை, அந்த இடத்தைக் கூட்டுகிறவருடைய விஷயம்.

கடி உண்மையான பயம்தான், அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். 1975இல் தேசிய மட்டத்தில் கட்டுப்பாட்டு வேலை தொடங்கியது. நாய்களுக்குத் தடுப்பூசி, கடிபட்டவர்களுக்குத் தடுப்பூசி என்று போய், இந்தக் காலத்தில் அந்த எண்ணிக்கை வருடத்துக்கு ஏறக்குறைய இருபது, முப்பது என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது. கொல்லாமலும் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு எங்கட நாடே சாட்சி. ஆனால் தடுப்பூசி போட்ட நாயும் சாப்பிடும், சாப்பிட்டால் இருக்கும். அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

இருந்தால் என்ன, மண்தானே, மழைக்குப் போயிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு புழுவின் கதை. 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஒட்டுண்ணியியலாளர், இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு மரநாயின் குடலில் கண்ட கொக்கிப்புழுவுக்கு ‘அன்கைலோஸ்டோமா சிலானிக்கம்’ என்று பெயர் வைத்தார். சிலானிக்கம் என்றால் சிலோனைச் சேர்ந்தது. எங்கட நாட்டின் பெயரைத் தாங்கிய புழு! நாய், பூனை வயிற்றில் வாழும் இது மனிதக் குடலுக்குள்ளும் முழுதாக வளர்ந்து இரத்தம் குடிக்கும். நாயின் மலத்தோடு முட்டை விழும். ஈரமும் நிழலும் உள்ள சூடான மணலில் அது பொரிக்கும். சில நாளில் கண்ணுக்குத் தெரியாத குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நாய்க் கொக்கிப்புழுவின் வேறு சில இனங்கள் மனித உடம்பில் வளர முடியாமல் தோலுக்கடியிலேயே ஊர்ந்து திரியும், காலில் சிவப்புக் கோடு கோடாகத் தடிக்கும், இரவில் நித்திரை கொள்ள விடாத கடி.

அந்த வெறுங்கால் யாருடையது? கரைவலை இழுக்கிறவருடையது. கிணற்றடி ஈர மணலில் நின்று கருவாடு கழுவுகிற பெண்ணுடையது. தென்னை நிழலில் விளையாடுகிற பிள்ளையுடையது. செருப்புப் போட்டு மாலையில் காற்று வாங்க வருகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

கொக்கிப்புழுவுக்கு இந்த நாட்டில் பெரிய வரலாறும் உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகைதான் அங்கே முக்கியம், என்றாலும் கதை எங்களுக்குப் பொருந்தும். 1916இலிருந்து ரொக்பெல்லர் நிறுவனம் மலையகத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். மருந்து குடித்தவரின் புழு வெளியே வந்தது. ஆனால் லயத்துக்குப் போதிய மலசலகூடம் கட்டுவதற்குத் துரைமாருக்குக் காசு செலவழிக்க மனமில்லை. அதனால் அதே மண், அதே கால், திரும்பவும் அதே புழு. பழி மட்டும் ‘சுத்தம் தெரியாத கூலிகள்’ மேல் விழுந்தது. சொத்து ஒருவருக்கு, கழிவு இன்னொருவருக்கு, கெட்ட பெயரும் அந்த இன்னொருவருக்கே.

கழிவைப் பற்றிப் பேசப் போய் ஆட்களையே அழுக்காக்கிவிடுவது மிக லேசு. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான். ஓலைக் கொட்டில், பல குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம், ஒரு கிணறு. கொடுக்கப்படாத வசதிக்குக் கேட்கவேண்டியது யாரை? அதனால்தான் நாங்கள் ‘மக்களுக்குச் சுத்தம் தெரியாது’ என்ற வரியை இந்தக் கட்டுரையில் எங்கேயும் எழுதப்போவதில்லை.

சரி, அந்தப் பை எங்கிருந்து வந்தது? அது வெள்ளைக்காரரின் பரம்பரைப் பழக்கம் ஒன்றும் இல்லை. 1970களின் நியூயோர்க் நடைபாதைகளில் நாய்ப்பீயை மிதிக்காமல் நடப்பதே ஒரு வித்தை. ஃபிரான் லீ என்ற பெண், நாய் மலத்திலிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றும் டொக்சோகாரா புழுவைக் காட்டி வருடக்கணக்காகப் போராடினார். எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? நாய் வளர்ப்பவர்கள். அள்ளச் சொன்னால் ஆட்கள் நாயைக் கைவிட்டுவிடுவார்கள் என்று விலங்குநல அமைப்பினரும் பயந்தார்கள். கடைசியில் மாநிலச் சட்டம் ஒன்று 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அள்ளாவிட்டால் 100 டொலர் வரை தண்டம். அந்த மாற்றத்தின் மையம் ஒன்றுதான்: நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் வேலை என்று இருந்தது, உடையவரின் வேலை ஆனது. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கட சொந்தக்காரரே பையோடுதான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஊருக்கு வந்தால் மட்டும் கேற்றைத் திறந்து ‘போய்ட்டு வாடா’ என்று விட்டுவிடுவார்கள். கை அதே கைதான். கேட்பதற்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் எங்களுக்கு அருவக்காடு ஞாபகம் வந்தது. வராமல் எப்படி? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணோடு மண்ணானார்கள். கொழும்பின் குப்பைக்கு இடம் தேவை. அது கிடைத்தது ஏறக்குறைய 170 கிலோமீற்றருக்கு அப்பால், வண்ணாத்திவில்லுப் பக்கம், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழியில். வில்பத்துக்குக் கிட்ட, களப்புக்குக் கிட்ட. ஏற்கெனவே சீமெந்துத் தூசும் நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பலும் பார்த்த மாவட்டம். 2018, 2019இல் புத்தளத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் சனம் வீதியில் நின்றது. அப்படியிருந்தும் 2019 ஓகஸ்டில் குப்பை வந்தது.

நாய்ப்பீயையும் ஒரு தலைநகரத்தின் குப்பையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது கொஞ்சம் கூடிப்போச்சா? அளவில் கூடத்தான். முறை ஒன்றுதான். கேற்றைத் திறந்து நாயை ஒழுங்கைக்கு விடுகிறவர் தன் வளவைச் சுத்தமாக வைத்திருக்கிறார். குப்பையைத் தூரத்துக்கு அனுப்பின நகரமும் அதைத்தான் செய்தது. அடுத்தவன் இடம் ‘வெறும் இடம்’ என்று நினைத்தால்தான் இரண்டும் முடியும். கொழும்பைப் பார்த்து ‘உங்கட குப்பையை நீங்கள் பாருங்கோ’ என்று கத்தின எங்களுக்கு, பக்கத்து வீட்டு வாசலில் எங்கட நாய் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க உரிமை இல்லை.

ஆனால் நியூயோர்க்கின் பையை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் வேலை நடக்காது. அங்கே நாய்க்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு ஆள். இங்கே பாதி நாய்கள் வீட்டு நாயும் இல்லை, தெரு நாயும் இல்லை. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வாடியில் மீன் தலை, படுக்கை பஸ் தரிப்பிடத்தில். எல்லாரும் சோறு போடுகிறோம், ஒருவரும் உடையவர் இல்லை. ஆகவே எங்களுக்கு முதலில் தேவை பை அல்ல, உடையவர். சோறு போடுகிறவர் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் கூட்டிக்கொண்டு போகலாம், பிரதேச சபையில் பதியலாம். பருவத்துக்கு வருகிற வாடிக்காரரும், உல்லாசப் பயணிகளுக்காக நாலு நாய்க்குட்டிகளை முற்றத்தில் வைத்திருக்கிற விடுதிக்காரரும், போகும்போது நாயையும் கணக்கில் எடுக்கவேண்டும். 1901ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரதேச சபைகள் தூசு தட்டினால், நாயை அழிப்பதற்காக இல்லாமல் உடையவரைக் கண்டுபிடிப்பதற்காகத் தட்டட்டும். பிறகு, நாய் இருந்தால் அள்ளுவது. அதற்கு வெளிநாட்டுப் பையும் தேவையில்லை. ஒரு சிரட்டை, கிணற்றுக்கும் கால் படுகிற இடத்துக்கும் தள்ளி ஒரு ஆழக் குழி.

நாங்கள் நாலு பேரில் இரண்டு பேர் வீட்டில் நாய் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் செய்த முதல் வேலை, விடியக்காலையில் எங்கட நாய் எங்கே போகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தது. ஒன்று பக்கத்துக் காணிக்கு. மற்றது பாலர் பாடசாலை வேலியோரத்துக்கு. இவ்வளவு காலமும் அங்கே அள்ளினது யார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. இப்போது சிரட்டை எங்கட கையில்.