விழுந்தால் முளைக்காத பல்: டாக்டர் கார்டில் எழுதும் ‘46’ என்றால் என்ன?

மம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு வந்த அரசாங்கப் பல் மருத்துவக் குழு வாயைப் பார்த்துவிட்டு, கார்டில் 46 என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறது. வீட்டில் பாட்டி சொல்வார்: “பால்பல்லுதானே, புடுங்கிடுங்க. தானா முளைச்சிடும்.”

முளைக்காது. பல் மருத்துவம் முதலாண்டு படிக்கும் மாணவர்கள் பல்லின் பாகங்களையும் எண்களையும் மனப்பாடம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் டாக்டர் ஆகப் போவதில்லை என்றாலும், சிரம்பான் கிளினிக்குக்குப் பாட்டியோடு போய் மொழிபெயர்க்கப் போவது நீங்கள்தான். அதனால் இந்தச் சொற்கள் உங்களுக்கும் தேவை.

எண்ணிலிருந்தே தொடங்குவோம். 46 என்பதை ‘நாற்பத்தாறு’ என்று வாசிக்கக்கூடாது, ‘நான்கு, ஆறு’ என்று வாசிக்க வேண்டும். நாற்பத்தாறு பல் யாருக்குமே கிடையாது, பெரியவர்களுக்கு மொத்தமே 32 தான். உலகப் பல் மருத்துவச் சம்மேளனமான எஃப்.டி.ஐ. வகுத்த முறை இது. வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலது, இடது என்பது நோயாளியின் வலது, இடது. எதிரே நிற்கும் டாக்டருடையது இல்லை, புது மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இரண்டாவது எண், நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதைச் சொல்கிறது. ஆக 46 என்றால் கீழ் வலதில் ஆறாவது பல். 36 என்று தவறாக எழுதினால் ஊசி போடுவது இடது பக்கத்தில்!

பால்பற்களுக்குக் கால்பகுதி எண் 5 முதல் 8 வரை. மொத்தம் 20 பற்கள், ஒரு கால்பகுதிக்கு ஐந்து. கீழ் வலதில் கடைசிப் பால்பல் 85. அதற்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, சுமார் ஆறு வயதில் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் 46. விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் சடங்கு எதுவும் நடக்காததால், புதுப் பல் வந்ததையே வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. 85 பத்து, பன்னிரண்டு வயதில் விழும். அந்த இடத்துக்கு வேறு பல் வரும். 46-க்கு மாற்று கிடையாது.

எந்தப் பல்லுக்கு என்ன பெயர்?

தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். முன்னால் இருப்பது வெட்டுப்பல், மலாயில் கீகி காச்சிப். அடுத்தது கூரான கோரைப்பல், அதாவது கீகி தாரிங். இலங்கைத் தமிழர்கள் இதை வேட்டைப்பல் என்பார்கள், அதுவும் நல்ல பெயர்தான். வாயிலேயே நீளமான வேர் இதற்குத்தான். பின்னால் அரைப்பவை கடைவாய்ப்பற்கள், கீகி கெராஹாம். இதில் முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் என்று இரண்டு வகை உண்டு. பால்பற்களில் முன்கடைவாய்ப்பல் கிடையாது. பால் கடைவாய்ப்பற்கள் விழும் இடத்தில்தான் அவை முளைக்கின்றன. எட்டாவது எண்தான் ஞானப்பல், சிலருக்கு வரவே வராது.

ஒரு பல்லைக் குறுக்கே வெட்டினால்

ஈற்றுக்கு மேலே தெரிவது பல்லின் தலை, எலும்புக்குள் புதைந்திருப்பது வேர், இரண்டும் சேரும் இடம் கழுத்து. தலையின் வெளி உறை எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் இதுதான். எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். ஆனால் உயிரணு இல்லை, அதனால் குழி விழுந்தால் தானாக ஆறாது. சொத்தை எனாமலுக்குள் இருக்கும்வரை வலியும் தெரியாது.

அடுத்த அடுக்கு டென்டின். கொஞ்சம் மஞ்சள் நிறம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். சொத்தை இங்கே வந்துவிட்டால் ஐஸ் தண்ணி குடிக்கும்போது சுருக்கென்று கூசும். அதற்கும் உள்ளே பல்கூழ், நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் இடம். ராத்திரி தூங்க விடாமல் விண்விண்ணென்று தெறிக்கிறதா? பெரும்பாலும் சொத்தை அங்கே போய்விட்டது. ‘அடைச்சிடலாம்’ என்ற பேச்சு ‘வேர் சிகிச்சை’ என்று மாறுவது இந்தக் கட்டத்தில்தான். பால்பற்களில் எனாமல் மெலிசு, பல்கூழ் பெரிசு. அதனால் இந்தப் பயணம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

வேரின் மேல் உறைக்குப் பெயர் சிமென்டம். வேரையும் தாடை எலும்பையும் மெல்லிய நார்கள் இணைக்கின்றன. கீழ் 46-க்குப் பொதுவாக இரண்டு வேர், மேலே உள்ள 16-க்கு மூன்று.

பக்கங்களுக்கும் பெயர் உண்டு. நடுக்கோட்டைப் பார்த்த பக்கம் மீசியல், அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்டல். கன்னத்தைத் தொடுவது பக்கல், உதட்டுப் பக்கம் லேபியல், கீழ்ப்பற்களில் நாக்கைத் தொடுவது லிங்குவல், மேற்பற்களில் அண்ணத்தைப் பார்ப்பது பாலட்டல். மென்று அரைக்கும் மேற்பரப்பு ஆக்லூசல். கார்டில் 46-க்குப் பக்கத்தில் ‘எம்.ஓ.’ என்று இருந்தால், மீசியல் பக்கமும் அரைக்கும் பரப்பும் சேர்ந்து கெட்டிருக்கின்றன என்று அர்த்தம். பாட்டிக்கு இப்படிச் சொல்லலாம்: “முன்பக்கமும் மேலயும் ஓட்டை, பாட்டி.”

அரைக்கும் பரப்பில் மேடுகளும் அவற்றுக்கு நடுவே ஆழமான பிளவுகளும் இருக்கின்றன. பிரஷ் நார் உள்ளே போக முடியாத அளவுக்குச் சில பிளவுகள் குறுகல். 46 சீக்கிரம் சொத்தையாவது பெரும்பாலும் இந்தப் பிளவுகளில்தான். பல் முளைத்த புதிதிலேயே அவற்றை ரெசின் பூசி மூடிவிடலாம். ஊசி தேவையில்லை, வலிக்காது.

46-ஐப் பிடுங்கிவிட்டால் இடம் சும்மா இருக்காது. பின்னால் உள்ள 47 முன்பக்கம் சாயும், மேலே உள்ள 16 கீழே இறங்கத் தொடங்கும்.

உங்கள் தம்பி தங்கைக்கு ஆறு, ஏழு வயதா? வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசையில் நடுவிலிருந்து வலதுபக்கம் எண்ணுங்கள். முன்பல் விழுந்திருந்தால் அந்தக் காலி இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தோடு நின்றால் 46 இன்னும் வரவில்லை. ஆறாவதாக ஒன்று தெரிந்தால், பாதி ஈற்றுக்குள் இருந்தாலும், அது பால்பல் இல்லை.