பாக்குவெட்டியும் கடைவாய்ப்பல்லும்: திருவிதாங்கூரில் மெல்லுதலின் வரலாறு

தென்திருவிதாங்கூரின் பழைய வீடுகளில் மூன்று பொருள்கள் பெரும்பாலும் ஒன்றாகவே கிடைக்கும்: வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, கைக்கு அடக்கமான சிறு இரும்புரல். முன்னிரண்டும் பல் உள்ளவர்க்கு உரியவை. மூன்றாவது பல் இழந்தவர்க்கு. என் பாட்டி தம் இறுதி ஆண்டுகளில் வெற்றிலையை அவ்வுரலில் இடித்தே வாயிலிட்டார். கடைவாய்ப்பல் செய்த வேலையை உரல் செய்தது. நம் நாட்டில் பல் சிகிச்சையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வுரலிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

பாக்குவெட்டியும் தாடையும் நெம்புகோல்களே. ஆயினும் அமைப்பில் வேறுபட்டவை. பாக்குவெட்டியில் கீல் ஒரு முனையிலும், கையின் விசை மறுமுனையிலும், பாக்கு இடையிலும் இருக்கும். சிறு விசை பெருகிப் பாக்கைப் பிளக்கும். கீழ்த்தாடையிலோ காதருகே மூட்டு, முன்னே பல், இவற்றிடையே தசை. இவ்வமைப்பில் விசை பெருகுவதில்லை, குறையவே செய்யும். ஆதலால்தான் மூட்டுக்கு அண்மையிலுள்ள கடைவாய்ப்பல்லுக்கே கடினமான பொருளைத் தள்ளுகிறோம். இளம் உடலில் அப்பல்லின் உச்ச விசை ஏறத்தாழ 50 முதல் 80 கிலோகிராம் எடைக்கு நிகர். முன்பற்களில் அது அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகும்.

இவ்விசையை அளக்கும் முயற்சி பழையது. இத்தாலியரான பொரெல்லி, கீழ்க் கடைவாய்ப்பற்களில் கயிறு மாட்டி எடைகளைத் தொங்கவிட்டுச் சோதித்தார். அவர் மறைவுக்குப்பின் 1680-81இல் வெளியான விலங்கியக்க நூலில் அது பதிவாகியுள்ளது. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1895இல் கடிவிசை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். நிரப்பிய பல் எவ்வளவு பளுவைத் தாங்கவேண்டும் என்பதே அவர் கேள்வி. அன்றுமுதல் விசை, சிகிச்சையின் கணக்குக்குள் வந்தது.

திருவிதாங்கூரின் வாய் வேறொரு கேள்வியை எழுப்பியது. உணவை மெல்லுதல் சில நிமிடங்களில் முடிவது. தாம்பூலமோ விடிந்தது முதல் அடைவது வரை நீள்வது. கொட்டைப்பாக்கின் கடினம் கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பைத் தேய்த்துத் தட்டையாக்கும்; பற்சிப்பி தேய்ந்து உட்பகுதி வெளிப்பட, பல் கூசும்; சிலர்க்கு விரிசலும் விழும். பெரும்பாலோர் ஒரே பக்கத்தில் அடக்குவதால் தேய்மானம் அப்பக்கத்தில் மிகும். புகையிலையும் இதனோடு சேர்ந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக இருந்ததையும், அரசே அவ்வணிகத்தைத் தனியுரிமையாக நடத்தியதையும் பொருளியல் வரலாறு படித்தோர் அறிவர்.

இதன் விளைவு முதலில் எழுத்தில் திரண்ட இடங்களுள் ஒன்று நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள அவ்வூரில் லண்டன் மிஷன் மருத்துவப்பணி 1838இல் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய டபிள்யூ. சி. பென்டால், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளர் விவரங்களைத் தொகுத்து 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே மருத்துவமனையின் ஐ. எம். ஓர், 1933இல் லான்செட் இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி எழுதினார். தாம்பூலம் அடக்கிய கன்னத்திலேயே புண் தோன்றியது கண்கூடு. ஆனால் காரணம் எது? ஓயாத உராய்வா, உள்ளே இருக்கும் பொருளா?

அக்காலத்தில் இக்கேள்விக்கு எளிய விடையில்லை. தொடர்ந்த உறுத்தலே புற்றுக்குக் காரணம் என்னும் கருத்து விர்ஹோ காலந்தொட்டு வலுவாயிருந்தது. கூரிய பல், சுண்ணாம்பின் காரம், கடினப் பாக்கு என அனைத்தும் உறுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. 1915இல் யாமாகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் தார் பூசிப் புற்றை உண்டாக்கியபின், பொருளின் வேதியியலைத் தனியே நோக்கும் வழி திறந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தையும், 2004இல் வெளியான தொகுதியில் பாக்கையே தனியாகவும் புற்றூக்கி என வகைப்படுத்தியது. குற்றம் மெல்லும் விசையினுடையது அன்று. விசை, பாக்கின் சாற்றைப் பிழிந்து கன்னத்தில் தேய்க்கும் கருவி மட்டுமே.

இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் நோயும் உண்டு. 1952இல் ஷ்வார்ட்ஸ், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் கண்டு எழுதியது. வாயின் உட்புறச் சவ்வின் அடியில் நார்கள் தடித்து இறுகி, வாய் திறப்பதே அரிதாகும் நிலை. இதற்குத் தலையாய காரணம் பாக்கு என்பது பின்னர் உறுதியாயிற்று. இங்கே தசையில் ஆற்றல் உண்டு, பல்லும் உண்டு, தாடை திறவாது.

திருவனந்தபுரம் இவ்வரலாற்றின் அடுத்த பகுதி. இங்கு மண்டலப் புற்றுநோய் மையம் 1981இல் அமைந்தது. 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில், இம்மாவட்டத்தின் 13 பகுதிகளில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஏழு பகுதிகளில் வீடுவீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்களவு குறைந்ததை 2005இல் வெளியான முடிவு காட்டியது.

காலந்தாழ்ந்து வருவோர் நிலை வேறு. கீழ்த்தாடையின் ஒரு பகுதியை அகற்றினால் எஞ்சிய பகுதி அறுத்த பக்கம் நோக்கி விலகும்; மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தா. மென்றதால் வந்த நோய் மெல்லும் ஆற்றலையே பறித்துக்கொள்கிறது.

இவ்விடத்தில்தான் விசையின் மறுமுகம் தெரிகிறது. எலும்பு தன்மீது விழும் பளுவுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என 1892இல் வோல்ஃப் எழுதினார். பல் போனபின் அதனைத் தாங்கிய எலும்பு கரைகிறது. பொய்ப்பல் தொகுதி ஈறின்மேல் அமர்வதால் இயற்கைப் பல்லின் விசையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் தரும். எலும்பின் தேய்வையும் தடுக்காது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைத் தால்கிரென் 1972இல் காட்டினார். பிரோனமார்க் 1965இல் மனிதத் தாடையில் பொருத்திய டைட்டானிய வேர் எலும்போடு ஒன்றியது. ஆயினும் இயற்கைப் பல்வேரைச் சூழ்ந்து, கல் கடிபட்டதும் 'நிறுத்து' என்றுணர்த்தும் மெல்லிய நாரடுக்கு அதற்கில்லை. 1989இல் ஹிடால்கோ காலின் சிற்றெலும்பைக் கொண்டு கீழ்த்தாடையை மீட்டமைத்தார். நடந்த எலும்பு மெல்லக் கற்றது.

ஆக, விசை பகையன்று. எலும்புக்கு அதுவே உணவு. எதை மெல்லுகிறோம், விசை எங்கு விழுகிறது என்பவையே வினா. பல் மருத்துவ மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: நோயர் விவரத்தில் 'வெற்றிலைப் பழக்கம் உண்டு' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை ஆண்டு, புகையிலை சேர்த்தா, இரவில் அடக்கி உறங்குவாரா எனக் கேளுங்கள். வரலாற்று மாணவர்க்கும் ஒன்று: மிஷன் மருத்துவமனை அறிக்கைகளையும் புகையிலைத் தீர்வைக் கணக்குகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே வாயைப் பற்றியவை.

உங்கள் வீட்டிலும் அச்சிற்றுரல் இருந்தால், அதை இடித்தவர் யார், எந்த வயதில் இடிக்கத் தொடங்கினார் என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் ஓர் ஆவணமே.