சுருட்ட முடியாத பாய்



போன மாதம் நம் தெருவில் இரண்டு வீட்டார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், பெரியவங்க ரூம்ல சுவருக்குச் சுவர் கார்ப்பெட் போட்டுடலாமா? வீடியோ பார்த்து நாமே ஒட்டிடலாம்னு பையன் சொல்றான்." இரண்டு வீட்டிலும் எண்பதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். வழவழ டைல்ஸில் வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று பயம். நியாயமான பயம்தான். அதே பயத்தில் 2013-இல் என் தாயார் அறைக்குக் கார்ப்பெட் போட்டவன் நான். அது எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் முன், இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, நம் தரைகள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

குளிர் நாட்டுச் சரக்கு

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் மரப்பலகைத் தரை. பலகை இடுக்கில் குளிர்காற்று ஏறும். அதைத் தடுக்கத்தான் கம்பளம். அந்தக் காலத்தில் தறியில் 27 அங்குல அகலத்தில் நெய்த பட்டைகளைக் கையால் இணைத்துத் தைத்து, சுவரோரம் சிறு ஆணிகளால் பலகையில் அடித்துவிடுவார்கள். விலை அதிகம், வசதி உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகும். 1839-இல் இராஸ்டஸ் பிகிலோ என்ற அமெரிக்கர் கம்பளத்துக்கு விசைத்தறி கண்டுபிடித்தபின் விலை இறங்கியது.

அடுத்த திருப்பம் ஒரு சிறுமியால் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற ஊர்ப் பக்கம், 1895-இல் கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்வயதுப் பெண், துணியில் நூலைக் குத்தி நிறுத்திக் குஞ்சங்களாக்கி ஒரு படுக்கை விரிப்பு செய்தாள். அந்தக் கைவேலையே பிறகு இயந்திரத்துக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே முறையில், 12 அடி அகலத்தில், நைலான் நூலில் கம்பளங்கள் வந்தன. ஓர் அறைக்கு ஒரே துண்டு போதும் என்றானது. டால்டன் இன்று உலகின் கம்பளத் தலைநகரம் என்று பெயர் வாங்கிவிட்டது.

உங்கள் பையன் பார்க்கும் வீடியோவில் சுவரோரம் முள் வைத்த மரச்சட்டம் அடிப்பார்கள். நடுவில் நுரை விரிப்பு போட்டு, கம்பளத்தை இழுத்து அந்த முள்ளில் மாட்டுவார்கள். பலகைத் தரையில் அது எளிது. நம் டைல்ஸில் ஆணி அடித்தால் டைல் விரிசல் விடும். அதனால் இங்கே பலரும் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம். வினை அங்கேதான் ஆரம்பம்.

நம் தரை, நம் விரிப்பு

நம் ஊர்த் தரைகளை எண்ணிப் பாருங்கள். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் வண்ணமும் மணலும் ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. மந்தைவெளியின் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை. கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்; தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். பிறகு மொசைக், மார்பிள், இப்போது விட்ரிஃபைட். வேலைப்பாடு வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், சித்திரை வெயிலில் வெறும் தரையில் படுக்கலாம்.

அந்தத் தரைக்கு ஏற்ற விரிப்புகளும் நம்மிடம் இருந்தன. தாமிரபரணிக் கரைக் கோரையில் பத்தமடைப் பாய். பவானி ஜமக்காளம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சீமை மில் துணியின் போட்டியால் நெசவாளர்கள் வேறு சரக்குக்கு மாறியபோது பிறந்தது. ஜமக்காளத்துக்கு 2005-லும் பாய்க்கு 2013-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து மாநிலத்து ஆலப்புழையில் 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுப்பாய் தொழிற்சாலை தொடங்கினார். தென்னை நார் கப்பலேறி வெளிநாட்டு வீடுகளின் தரைக்குப் போயிற்று.

சுவருக்குச் சுவர் விரிப்பதும் நமக்குப் புதிதல்ல. கல்யாணச் சத்திரத்தில் கூடம் முழுக்க ஜமக்காளம், சாப்பாட்டுக்கு நீளமாகப் பந்திப்பாய். ஆனால் காரியம் முடிந்ததும் உதறிச் சுருட்டி வெயிலில் போட்டுவிடுவோம். நம் முன்னோர் தரையை மூடினார்கள், மூடியே வைக்கவில்லை.

என் கணக்கு

அம்மா ஒருநாள் குளியலறை வாசலில் வழுக்கினார். அடி பெரிதில்லை, ஆனால் நான் பயந்துவிட்டேன். மச்சினரும் நானுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அளந்து, வெட்டி, பசை தடவி ஒட்டினோம். "மெத்தையில நடக்கற மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் ஐப்பசி மழையிலேயே வாடை வந்தது. குளியலறைப் பக்கம் ஈரம் இறங்கி அடியில் பூசணம் பிடித்திருந்தது. அம்மாவுக்கு இரவில் இளைப்பு. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ரூம்ல கார்ப்பெட் இருக்கா?" நானோ செலவு செய்ததை எடுக்க மனமில்லாமல் நாள் கடத்தினேன். அதுதான் என் பெரிய தப்பு.

நம் பேட்டையின் பெயரே மந்தை மேய்ந்த வெளி என்று சொல்கிறது. மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே அடையாறு. டிசம்பர் 2015 வெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மாடி வீட்டு மாமி அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டார். வடிந்தபின் நாலு பேர் சேர்ந்தும் கார்ப்பெட்டைத் தூக்க முடியவில்லை. கத்தியால் துண்டு துண்டாக வெட்டித்தான் வெளியேற்றினோம். பசையைச் சுரண்ட இன்னும் பத்து நாள். வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேரேடு எழுதியவன், இரண்டே வருடத்தில் முழுத் தேய்மானம் எழுதிய ஒரே சொத்து அதுதான்.

அதன்பின் நிதானமாக யோசித்தேன். அம்மா வழுக்கியது அறையில் இல்லை; குளியலறை வாசலின் நாலடி ஈரத்தில். அங்கே சுவரில் ஒரு கைப்பிடி, அடியில் ரப்பர் வைத்த மிதியடி, ராத்திரி முழுக்க ஒரு சிறு விளக்கு. ஓரம் மடங்கித் தடுக்கும் தளர்ந்த விரிப்பு எதையும் நடைபாதையில் வைக்கவில்லை. இளைப்பும் குறைந்தது. அம்மா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். ஒருமுறைகூட விழவில்லை.

ஆகவே கேட்ட இருவருக்கும் என் பதில்: முதலில் ஈரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அந்த நாலடியைச் சரிசெய்யுங்கள். மாடி வீடு, நன்றாக வெயில் வரும் அறை, கம்பளம் போட்டே தீர வேண்டும் என்றால் பசை மட்டும் வேண்டாம். எடுத்து உலர்த்த முடியாத எதுவும் நம் ஊர்த் தரைக்கு ஆகாது.

உங்கள் வீட்டில் பழைய சிவப்புத் தரை இன்னும் இருந்தால் இடிப்பதற்கு முன் ஒரு குரல் கொடுங்கள். பார்க்க வருகிறேன், ஒரு காபி மட்டும் போதும்.