டவர் வீடும் பைபர் வீடும்

இலங்கையின் வன்னியில் வீட்டு இணையம் என்றால் இன்று பெரும்பாலும் இரண்டு வகை. வவுனியா, கிளிநொச்சி நகர்ப்பக்கங்களில் கம்பத்திலிருந்து பைபர் இழுத்த வீடுகள் உண்டு. அங்கிருந்து வட்டக்கச்சி, விசுவமடு, துணுக்காய், ஒட்டுசுட்டான் என்று உள்ளே போகப் போக, ஜன்னலோரத்தில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் இருக்கும் வீடுகள்தான் கூட. 2009இல் போர் முடிந்த பிறகு மீளக் குடியேறிய ஊர்கள் பலவற்றுக்குத் தொலைபேசிக் கம்பி வருமுன்பே டவர் வந்துவிட்டது. அந்த ஒழுங்கு இன்னும் அதிகம் மாறவில்லை.

இரண்டு பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாலும் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரே பட்டியல். எந்தப் போக்குவரத்துக்கு முதலிடம் என்று சொல்லும் கியூஓஎஸ் ஓரிடத்தில் இருக்கும்; வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் தொலை நிர்வாகம் இன்னோரிடத்தில் இருக்கும். பட்டியல் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்று என்று நினைத்து, யாரோ காணொளியில் காட்டிய எண்களை இரண்டு வீட்டிலும் அப்படியே போடுகிறார்கள். பைபர் வீட்டில் பலன் தருகிற அதே எண் டவர் வீட்டில் இணைப்பையே கெடுத்துவிடும். ஏன் என்று பார்க்க, இங்கே இணையம் எதற்குப் பயன்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் பயன்பாடு கதைப்பது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற பிள்ளைகளுடன் கதைப்பது. கொழும்பிலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகும். ஆக, எந்தத் தடையும் இல்லாமல் போனாலும் ஒரு வழிக்கு 70 மில்லிசெக்கன். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். அந்த ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் கடலிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்தை வீட்டு ரவுட்டர் தின்றால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, பிறகு "கேக்குதோ? கேக்குதோ?" என்று கேட்கும் நிலை வரும்.

ரவுட்டர் தின்பது இப்படித்தான். ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிற் கூடத் தேவையில்லை. அம்மா பேரனுடன் கதைத்துக்கொண்டிருக்கும்போது, தங்கச்சியின் போன் கோயில் திருவிழாக் காணொளியைத் தானாகவே கூகிளுக்கு ஏற்றத் தொடங்குகிறது. மேலேற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிற். ரவுட்டருக்குள் 1 மெகாபைற் அளவு வரிசை இருக்கிறது. அந்த வரிசை நிரம்பினால் அதன் கடைசியில் நிற்கும் தரவுத் துண்டு வெளியேற 4 செக்கன் ஆகும். அம்மாவின் குரலும் அந்தக் கடைசியில்தான் நிற்கிறது. வேகப் பரிசோதனை செய்து பார்த்தால் எண் நன்றாகவே காட்டும், ஆனால் கதைக்க முடியாது. அமெரிக்கப் பொறியியலாளர் ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் வீட்டு இணைப்பிலேயே கண்டுபிடித்து உலகுக்கு எடுத்துச்சொன்ன குறை இது. 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழியைத் தந்தார்கள். இன்று ஓபன்வேர்ட் போன்ற ரவுட்டர் மென்பொருளில் கிடைக்கும் கேக், எஃப்கியூ-கோடெல் ஆகியவற்றுக்கு அதுதான் வேர். எந்தச் செயலிக்கு முதலிடம் என்று விதி எழுதுவதை விட, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் இந்த வழியையே நான் நம்புகிறேன். விதிகள் பழசாகிவிடும், வரிசை என்றைக்கும் வரிசைதான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வரிசை உங்கள் ரவுட்டரில் உருவாக வேண்டும். இணையக் கம்பனியின் கருவியில் உருவாகக் கூடாது. அதனால் உண்மையான வேகத்தில் 90 வீதமளவை உச்ச எல்லையாக ரவுட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். இரண்டு வீடும் பிரிவது இங்கேதான்.

பைபர் வீட்டில் அந்த உண்மையான வேகம் ஓரளவு நிலையானது. ஜீபொன் என்ற முறையில் ஒரே இழையின் 2.5 கிகாபிற் கீழ்வரத்தையும் 1.25 கிகாபிற் மேலேற்றத்தையும் 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்தாலும், பொதியின் வேகம் காலையிலும் இரவிலும் பெரிதாக மாறாது. ஒருமுறை அளந்து, ஒருமுறை எண்ணைப் போட்டால் போதும். மாத அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைக்கும் பொதியாக இருந்தால் மட்டும் அந்த எண் மாதக் கடைசியில் பொய்யாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மலிவான ரவுட்டரின் நுண்செயலி 100 மெகாபிற் போக்குவரத்தை வரிசைப்படுத்தத் திணறும். கியூஓஎஸ் போட்டதும் வேகம் பாதியாகிவிட்டது என்று முறைப்பாடு சொல்கிறவர்கள் பலர் இந்த நுண்செயலியைத்தான் குறைசொல்ல வேண்டும். மேலேற்றத்துக்கு மட்டும் போட்டால் பெரும்பாலும் காணும்.

டவர் வீட்டில் உண்மையான வேகம் என்று ஒன்றே இல்லை. அதிகாலை 3 மணிக்கு 30 மெகாபிற் தரும் அதே சிம் இரவு 8 மணிக்கு 3 மெகாபிற் தரலாம். இங்கே இரவு 8 மணி, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை அல்லது பத்தரை. ஞாயிற்றுக்கிழமையென்றால் அங்கே பிள்ளைகள் அழைக்கும் நேரமும், இங்கே டவர் நிரம்பும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது. காலையில் அளந்து 27 என்று எல்லை போட்டால் இரவில் அந்த எல்லைக்கு வேலையே இல்லை. வரிசை டவரில் நீளும், உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே வராது. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து முடிவெடுக்கும்போது, மாரியில் வான் பாய்ந்த அளவைப் பார்ப்பதில்லை, அப்போது குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்க்கிறார்கள். 4ஜி ரவுட்டருக்கும் இரவு 8 மணி வேகத்தைப் பார்த்தே எண் போட வேண்டும். பகலில் கொஞ்சம் வேகம் வீணாகும், ஆகட்டும். ஓபன்வேர்ட் ஏற்றக்கூடிய ரவுட்டர் இருந்தால், தாமதத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே எல்லையைக் கூட்டிக் குறைக்கும் கேக்-ஆட்டோரேட் என்ற நிரலும் உண்டு. கம்பனி தந்த பூட்டிய பெட்டியில் அது ஏறாது.

டவர் வீட்டைப் பற்றி இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அங்கே தட்டுப்பாடு வேகத்தில் மட்டும் இல்லை, டேட்டாவிலும் இருக்கிறது. முன்னுரிமை கொடுப்பதால் ஒரு மெகாபைற் கூட மிஞ்சாது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வகுப்புகள் ஸூமுக்கு மாறியபோது மாதப் பொதி பாதி மாதத்திலேயே முடிந்துபோன வீடுகளுக்கு கியூஓஎஸ் எந்த உதவியும் செய்திருக்காது. போன்களில் படங்கள் தானாக ஏறுவதை நிறுத்துவது, யூடியூப் தரத்தை 480க்குக் குறைப்பது, அப்டேற்றுகளை இரவு டேட்டா நேரத்துக்குத் தள்ளுவது ஆகிய மூன்றும் அங்கே எந்த முன்னுரிமை விதியையும் விட அதிகம் செய்யும்.

இனித் தொலை நிர்வாகம். வன்னியில் பல வீட்டு ரவுட்டர்களின் நிர்வாகி கடல்கடந்து இருக்கிறார். "அம்மா, அந்தப் பெட்டியை ஒருக்கா ஓஃப் பண்ணிப்போட்டு ஓன் பண்ணுங்கோ" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மகனுக்கு அங்கிருந்தே அதைச் செய்துவிட ஆசை வருவது நியாயம்தான். இந்த விஷயத்தில் பலவீனமான இணைப்பே பாதுகாப்பானது. 4ஜி வீட்டுக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் கம்பனி நூற்றுக்கணக்கானோரை நிறுத்தியிருக்கும். ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் வெளிமுகவரி 10இல் தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்டு இருந்தாலோ அந்த நிலைமைதான். இந்த இரண்டாவது தொகுதி 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே தொலை நிர்வாகத்தைப் போட்டாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. மகனும் வர முடியாது, திருடனும் வர முடியாது.

பைபர் வீட்டில் பொது முகவரி கிடைத்திருந்தால் அதே பொத்தான் வேலை செய்யும். அதுதான் ஆபத்து. இணையம் முழுவதையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் திறந்த போர்ட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுப்பதில்லை. 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டொய்ச்சே டெலிகொமின் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் நின்றுபோயின. கம்பனிகள் தூரத்திலிருந்து ரவுட்டர்களைப் பராமரிக்கப் பயன்படுத்தும் 7547 போர்ட்டைக் குறிவைத்து மிராய் நச்சுநிரலின் வகையொன்று வந்து மோதியதன் விளைவு அது. பெரிய கம்பனியின் நிர்வாக வழிக்கே அந்தக் கதி என்றால், மாற்றாத பாஸ்வேர்டோடு திறந்துவைத்த வீட்டு ரவுட்டரின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே மருந்து பொருந்துகிற இடம் இது ஒன்றுதான்: வெளியிலிருந்து உள்ளே வரும் வழியைத் திறக்காமல், வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் இணைப்பைப் பயன்படுத்துவது. ரவுட்டர் தயாரிப்பாளரின் செயலி அதன் சொந்தச் சேவையகம் வழியாக இதைச் செய்யும். அதைவிட நல்லது, வயர்கார்ட் சுரங்கம் ஒன்று. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6இலேயே சேர்க்கப்பட்ட முறை அது. வீட்டு ரவுட்டரோ ஒரு பழைய கணினியோ வெளியே போய் மகனின் சேவையகத்தோடு இணைந்திருக்கும், மகன் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருவார். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதையே இன்னும் எளிதாக்குகின்றன. 4ஜி வீட்டிலும் இது தடையின்றி வேலை செய்யும்.

கரண்ட் போனால் எந்தத் தொலை நிர்வாகமும் இல்லை. 2022 மார்ச் 31இல் நாடு 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தது. பைபர் இழையின் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி இல்லை. பிரிப்பான் வெறும் கண்ணாடிதான். வீட்டில் 12 வோல்ற் சிறு யூபிஎஸ் ஒன்று பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து இருந்தால், தொலைபேசி நிலையம் உயிரோடிருக்கும் வரை இணைப்பு இருக்கும். டவர் வீட்டில் அதே யூபிஎஸ் உங்கள் பெட்டியை மட்டும்தான் காப்பாற்றும். டவரின் பற்றரி இறங்கிவிட்டால் ரவுட்டர் விளக்கு எரியும், சிக்னல் இருக்காது.

இரண்டும் கிடைக்கிற இடமென்றால், பொதியில் எழுதியிருக்கும் வேகம் குறைவாக இருந்தாலும் பைபரையே எடுக்கச் சொல்வேன். நொடிக்கு 20 மெகாபிற்றே தந்தாலும் இரவு 8 மணிக்கும் அதே 20 வரும், கதைக்க அதுதான் வேண்டும். டவர் மட்டும் கிடைக்கிற ஊரில், அமைப்புப் பக்கத்தில் கைவைக்கும் முன் ரவுட்டரை டவர் பக்கமுள்ள ஜன்னலுக்கோ கூரைக்குக் கீழே உயரமான இடத்துக்கோ மாற்றிவைத்து இரவு 8 மணிக்கு அளந்து பாருங்கள். சிக்னல் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் வரிசை குறையும். அதற்குப் பிறகும் குரல் அறுந்தால் மேலேற்ற எல்லையைப் போடுங்கள். சுரங்கத்தின் சாவியை வெளிநாட்டுப் பிள்ளையிடம் கொடுக்கும்போது, ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் ரவுட்டர் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவையுங்கள்.