மிருசுவில் தீர்ப்பும் மன்னிப்பாணையும்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில், வானூர்ப் பகுதியைச் சேர்ந்த கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் உள்ளது. போர் 2009 மே மாதத்திலேயே முடிந்ததே, இவர்கள் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று நம்மிற் சிலர் கேட்பதுண்டு. காரணங்கள் பல. நீதியின்மேல் நம்பிக்கை இழந்தமை அவற்றுள் ஒன்று. அதனை விளங்கிக்கொள்ள மிருசுவில் வழக்கின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றதாக இராணுவத்தினர்மேல் தொடரப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் விடுதலையிலேயே முடிந்தன. 1992 ஆகஸ்டு 9 அன்று மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனையில் 35 பேர் மாண்டனர். 2002இல் கொழும்பு ஜூரிகள் எதிரிகளை விடுவித்தனர். 1996இல் நடந்த குமாரபுரக் கொலை வழக்கும் 2016இல் அனுராதபுரத்தில் அவ்வாறே முடிவுற்றது.

மிருசுவில் வழக்கு இவற்றினின்று வேறுபட்டது. 2000 டிசம்பர் 19 அன்று, போரால் இடம்பெயர்ந்திருந்த சிலர் தாங்கள் விட்டுவந்த வீடுகளைப் பார்க்கவும் விறகு சேர்க்கவும் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலுள்ள அவ்வூருக்குச் சென்றனர். இராணுவத்தினர் அவர்களைப் பிடித்தனர். எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. காயத்தோடு தப்பிய ஒருவர் நடந்ததைச் சொன்னமையால் சில நாள்களுக்குள் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்த ஒருவர் இல்லையெனில் வழக்கே எழுந்திராது. ஜூரிகளின்றி மூன்று நீதிபதிகள் விசாரித்து, 2015 ஜூன் 25 அன்று சுனில் ரத்நாயக்க என்ற இராணுவத்தாருக்கு மரண தண்டனை விதித்தனர். மற்ற நால்வர் விடுதலையாயினர். 2019இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

2020 மார்ச்சு 26 அன்று ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார். போரின் இறுதிக் கட்டத்தில் பாதுகாப்புச் செயலாளராயிருந்தவரும் இவரே. மன்னிப்பு என்பது நமக்கு அருமையான சொல். ஆயினும் பிள்ளையை இழந்தவர் அளிப்பது ஒன்று. படையை நடத்தியவர் தம் படையினனுக்கு அளிப்பது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நம் மொழியின் குறையோ என்று கூட எண்ணத் தோன்றுகிறது. அவ்வாணையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின.

இந்தியராகிய நாம் இதனைக் கண்டு நம்மையே மெச்சிக்கொள்வதற்கில்லை. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் மலைவாழ் மக்கள்மேல் புரிந்த கொடுமைக்குத் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்ற அத்தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. வழக்கு நெடுகிலும் சாட்சிகள் பின்வாங்காது நின்றதே அதன் பலம்.

இலங்கையைப் பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை, 2021 மார்ச்சில் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை தன் ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. தாயகத்தில் பேச அஞ்சுவோரும் நம் வானூர்க் கரையில் வாழ்வோரும் கண்டவற்றுக்கு அங்கேனும் ஓர் ஏடு திறந்தது. அத்தீர்மானத்தின்மேல் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா வாக்களியாது விலகி நின்றது.