யானை நடந்த வழி: மாத்தறை

கொழும்பு மருதானையிலிருந்து தெற்கே ஓடும் கரையோர ரயில் பாதை 1895இல் மாத்தறையைத் தொட்டது. தொட்டதோடு நின்றும் விட்டது. அதற்கப்பால் பெலியத்த வரை 26 கிலோமீற்றர் பாதையை 2019 ஏப்ரலில்தான் திறந்தார்கள். இடையில் 124 வருடங்கள். தண்டவாளம் அங்கே முடிந்ததாலோ என்னவோ, கொழும்பில் இருப்பவர்களுக்கு மாத்தறை என்றால் நாட்டின் அந்தலை. நம்மவர்களுக்கு இன்னோர் எண்ணமும் உண்டு. அது முழுச் சிங்கள ஊர், அங்கே நமக்கு என்ன இருக்கிறது என்பது. அந்த எண்ணத்தைத்தான் இந்த வாரம் கொஞ்சம் உரசிப் பார்க்கப் போகிறோம்.

ஊரை ஊராக்கியது நில்வளா கங்கை. தெனியாயப் பக்கத்து மலைகளில் பிறந்து, எழுபது கிலோமீற்றர் அளவு ஓடி, மாத்தறையில் கடலில் விழுகிறது. ஆறு பிறக்கும் அந்த மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள லயங்களில் தமிழ் பேசும் மலையகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் நில்வளா பெருக்கெடுத்தபோது கொழும்புப் பத்திரிகைகளில் நகரத்து வெள்ளப் படங்கள்தான் அதிகம் வந்தன. மேலே மண்சரிவுக்கு ஆளானவர்களின் கதைக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

மாத்தறைக்குக் கிழக்கே, கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், தேவேந்திரமுனை இருக்கிறது. இலங்கையின் தென்கோடி. அங்கே நின்ற பெருங்கோயிலை 1344இல் யாத்திரிகர் இப்னு பதூதா பார்த்திருக்கிறார். ஆயிரம் பிராமணரும் யோகிகளும், இரவில் ஆடிப் பாடும் ஐந்நூறு பெண்களும் இருந்ததாக எழுதி வைத்தார். யாத்திரிகர்களின் ஆயிரத்தை அப்படியே எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோயில் பெரியது, ஊர் செழிப்பானது என்று எடுத்துக்கொண்டால் போதும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் உறுதியான சாட்சி. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, தமிழில் இந்தக் கோயிலின் தெய்வமான தெனவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் போகிறது. தென்கோடித் துறையில் வணிகம் செய்ய வேண்டுமானால் தமிழிலும் எழுத வேண்டும் என்று சீனச் சக்கரவர்த்தியின் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துக் கொள்ளையடித்தார்கள். சீதாவாக்கை இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. அவன் கவனத்தைத் திருப்பத் தெற்கே கப்பல்கள் போயின. கோயிலுக்கு வினை வந்தது.

இனி யானை விஷயத்துக்கு வருவோம். மாத்தறையைப் பற்றி நான் சொல்ல ஆசைப்படுவது அதுதான்.

போர்த்துக்கேயருக்குப் பிறகு வந்த ஒல்லாந்தருக்கு இலங்கையில் முதல் சரக்கு கறுவா. அதற்கு அடுத்த பெரிய வரும்படிகளில் ஒன்று யானை. அந்த யானைகளில் பெரும்பங்கு மாத்தறைத் திசாவனிக் காடுகளில் பிடிபட்டது. பிடிக்கும் முறை எளிதல்ல. தடித்த மரக் கம்பங்களை நட்டு, வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் பெரிய அடைப்பைக் கட்டுவார்கள். பிறகு காட்டை வளைத்து, தீவட்டியும் பறையும் கூச்சலுமாக, யானைக் கூட்டத்தை நாள்கணக்காக, சில வேளை வாரக்கணக்காக, மெல்ல மெல்ல அடைப்பின் வாயை நோக்கி நெருக்குவார்கள். இந்த வேலைக்கு ஊர் ஊராக ஆட்கள் இராஜகாரியம் என்று இழுத்து வரப்பட்டார்கள். கூலி கிடையாது. வயல் அறுவடைக்கு நிற்கும் காலமா என்று யாரும் கேட்பதும் கிடையாது. உள்ளே விழுந்த யானைகளைப் பழகிய யானைகளின் துணையோடு ஒவ்வொன்றாக மரத்தில் பிணைத்து, பட்டினி போட்டு, பிறகு ஊட்டி, வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

பிடித்த யானையை வாங்க ஆள் வேண்டுமே. வாங்குபவர்கள் கோல்கொண்டாவிலும் தென்னிந்திய அரசவைகளிலும் இருந்தார்கள். அவர்களுடைய வணிகர்கள் வந்து கூடிய சந்தை யாழ்ப்பாணம். அங்கிருந்து மறுகரைக்குக் கடல் வழி குறுகியது. ஆகவே மாத்தறை யானை யாழ்ப்பாணம் போக வேண்டும். எப்படிப் போகும்? நடந்துதான் போகும். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், கரையோரமாக, ஆறுகளைக் கடந்து, வன்னியையும் தாண்டி, கடைசியில் களப்பின் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி அக்கரை ஏறும். அந்த இடத்துக்குத்தான் யானையிறவு என்று பெயர். சந்தையில் யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை பேசினார்கள். கொம்பன் என்றால் விலை கூடும். பிறகு ஊர்காவற்றுறையில் கப்பலேற்றம். நம் காலத்தில் யானையிறவு என்றதும் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடியும் போரும். அதற்கு முந்நூறு வருடம் முன்பு அங்கே மாத்தறைப் பாகர்களின் குரல் கேட்டிருக்கிறது. தெற்கையும் வடக்கையும் அந்நாளில் இணைத்த வழிகளில் இதைவிடக் கனமானதை நான் படித்ததில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில் கறுவாக் காடு என்று சொல்லிக் குடிமக்களின் தென்னந்தோட்டங்களில் கை வைத்தார்கள். உழைப்பையும் கேட்டார்கள், நிலத்தையும் கேட்டார்கள். 1760இல் கலகம் வெடித்தது. கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கலகக்காரர்களுக்குப் படை அனுப்பினான். 1761இல் மாத்தறைக் கோட்டை கண்டிப் படையிடம் விழுந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினன் அந்த அரசன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சிங்களக் குடிகளின் கலகத்துக்கு நாயக்க அரசனின் படை துணை நின்றது என்பது இன்றைய அரசியல் மேடைகளில் யாருக்கும் வாய்ப்பாக இல்லை. அதனால்தான் யாரும் சொல்வதும் இல்லை. அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் கோட்டையைத் திரும்பப் பிடித்தார்கள். பட்ட அடியை மறக்காமல், ஆற்றுக்கு அப்பால் ஆறு முனை கொண்ட நட்சத்திரக் கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் 1765 என்ற ஆண்டு இன்றைக்கும் தெரிகிறது. அதைக் கட்டுவித்த தேசாதிபதி வான் எக் அதே ஆண்டு கண்டிவரை படை நடத்திப் போய்வந்து இறந்துபோனார். கோட்டை அதன் பிறகு ஒரு பெரிய சண்டையையும் பார்க்கவில்லை. பின்னாளில் நூலகமாயிற்று, பிறகு அருங்காட்சியகமாயிற்று. கோட்டைகளுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைப்பது அரிது.

அந்த நூற்றாண்டில் மாத்தறை சிங்களக் கவிதையின் தலைமை ஊர். அங்கே பேர் வாங்கியவர்களில் ஒருத்தி கஜமன் நோனா. ஞானஸ்நானப் பெயர் தோனா இசபெல்லா கொர்னேலியா பெருமாள். கணவனை இழந்து பிள்ளைகளோடு வறுமைப்பட்டபோது, ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் ஆட்சியில் மாத்தறையில் வருவாய் அதிகாரியாக இருந்த ஜோன் டொயிலிக்குப் பாட்டாகவே மனு எழுதினாள், அவர் நிலம் கொடுத்தார் என்று சொல்வார்கள். டொயிலி அங்கே கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றவர். கற்ற சிங்களம் கவிதையோடு நிற்கவில்லை. கண்டிப் பிரதானிகளோடு இரகசியமாகப் பேசவும் உளவு திரட்டவும் அதுவே கருவியாயிற்று. 1815இல் கண்டியை ஆங்கிலேயருக்குக் கொடுத்த கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. கடைசி நாயக்க அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். நாயக்க அரசனின் படை மாத்தறையைப் பிடித்து 54 வருடத்தில், மாத்தறையில் படித்த மொழியால் நாயக்கர் ஆட்சி முடிந்தது.

மருதானைக்கும் இந்த ஊருக்கும் ரயிலுக்கு முந்தியே உறவு உண்டு. மாத்தறை ஹித்தெட்டியவிலிருந்து கொழும்புக்கு வந்து தளபாடக் கடை வைத்துப் பெரிய முதலாளியானவர் தொன் கரோலிஸ் ஹேவாவிதாரண. அவருடைய மாமனார் கொடுத்த காணியில்தான் 1873இல் மருதானை மாளிகாகந்தையில் வித்தியோதய பிரிவெனா எழுந்தது. தொன் கரோலிஸுக்கு 1864இல் பிறந்த மகன்தான் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலா. சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசியவையும் எழுதியவையும் விளைத்த கசப்புக்குத் தனி அத்தியாயம் வேண்டும். அதற்கு இந்தத் தொடரில் பிறகு வருவோம்.

தெற்கே போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் நட்சத்திரக் கோட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ரயிலேற நேரமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்த அந்த மும்மொழிக் கல் இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில்தான் இருக்கிறது. மருதானையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.