சூசனி போன வழி

மத்திய ஆசியாவில் முன்பெல்லாம் புகாரா, சமர்கந்து, நூராத்தா, ஷஹ்ரிசப்ஸ் வட்டாரத்து வீடுகளில் பெண் குழந்தை பிறந்து சில ஆண்டுகளுக்குள் அவள் கல்யாணச் சீருக்கு ஊசி எடுத்துவிடுவார்கள். சீரில் முதலிடம் சூசனிக்கு. பாரசீகத்தில் 'சூசன்' என்றால் ஊசி. அந்தப் பூவேலைத் துணிக்கு அதுவே பெயராயிற்று.

துணி கர்போஸ் என்னும் கைத்தறிப் பருத்தி. தறி குறுகலானது, அகலம் ஒரு முழம்கூட வராது. நாலைந்து பட்டைகளை இழையோட்டிச் சேர்த்தால்தான் படுக்கையை மூடும் அளவு கிடைக்கும். சேர்த்த துணியில் கலம்காஷ் வந்து வரைவாள். பெரும்பாலும் கை பழகிய மூத்த பெண். நம் கலம்காரியில் உள்ள அதே 'கலம்'தான், எழுதுகோல். மாதுளை, துலிப், பாதாம், நிலா வட்டம் எல்லாம் வரும். கண்ணேறு படாதிருக்க மிளகாயும் வரும். மிளகாய்க்கு அங்கேயும் அந்த வேலை உண்டு என்று அறிந்தபோது எனக்கு அந்த வீடுகள் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டன.

வரைந்ததும் இழையைப் பிரித்துவிடுவார்கள். ஒரு பட்டை அம்மாவுக்கு, ஒன்று பாட்டிக்கு, ஒன்று அத்தைக்கு, ஒன்று கல்யாணப் பெண்ணுக்கே. பட்டு நூலை நீளமாகக் கிடத்தி, அதே நூலால் குறுக்கே சின்னச் சின்னதாக இறுக்கும் 'பஸ்மா' ஒரு தையல். கொக்கி ஊசியில் போடும் சங்கிலித் தையல் இன்னொன்று. நூலின் சிவப்பு நிறம் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து. மஞ்சள் காட்டுப் பூவிலிருந்து. நீலத்துக்கு அவுரி இந்தியாவிலிருந்து ஒட்டகத்தில் போயிற்று. புகாராவில் அவுரிச் சாயம் போட்டவர்கள் பெரும்பாலும் யூதர்கள்.

பட்டைகள் மறுபடி சேரும்போதுதான் சூசனிக்கு முகம் வரும். ஒரு மாதுளையின் இடப்பாதி அடர்சிவப்பு, வலப்பாதி சற்று வெளுப்பு. வட்டத்தின் விளிம்பு தையலைத் தாண்டும்போது விரலளவு இறங்கிப்போகும். ஒருத்தி இழுத்துத் தைத்திருக்கிறாள், இன்னொருத்தி தளர்த்தி. யாரும் பிரித்துச் சரிசெய்வதில்லை. ஒரு மூலையில் சிறு பூவைத் தைக்காமலே விடுவதும் உண்டு. வீட்டில் கல்யாணங்கள் தொடரட்டும் என்பதற்காக என்பார்கள்.

கல்யாணத்தில் அது மணப்பெண்ணின் தலைக்கு மேல் விதானம். பிறகு மணப்படுக்கையின் விரிப்பு, சுவரின் திரை. அப்புறம் மடித்துப் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த விசேஷத்துக்குத்தான் வெளியே வரும்.

1888-இல் ரயில் சமர்கந்தை எட்டியது. ரஷ்ய ஆலைத் துணியும் ரசாயனச் சாயமும் மலிந்தன. அவுரி நீலம் பின்வாங்க, கண்ணைப் பறிக்கும் ஊதா வந்தது. சோவியத் காலத்தில் தையல் இயந்திரமும் பட்டறையும் வந்தன. பழைய சூசனிகள் பெட்டியை விட்டுக் கிளம்பி, காபூல், இஸ்தான்புல் கடைவீதிகள் வழியாக மேற்கே போயின. சிலவற்றைத் திண்டு உறைக்கும் மேலங்கிக்கும் வெட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் தைத்த மாதுளையின் குறுக்கே கத்தரி ஓடியிருக்கும் என்பதை என்னால் ஆறுதலோடு நினைக்க முடியவில்லை.

தப்பியவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பட்டு வெளுக்காமலிருக்க விளக்கைத் தணித்து வைக்கிறார்கள். பெயர்ப்பலகையில் ஊரும் நூற்றாண்டும் இருக்கும். தைத்தவர் பெயர் அநேகமாக இருக்காது. கிட்டப் போய் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தைப் பார்த்தால், அத்தை எங்கே நிறுத்தினாள், பெண் எங்கே தொடங்கினாள் என்பது தெரியும்.